லயத்துப் பின்கால்வாய்

பெடாஸ் தோட்டம்,
1929, மாசி 12

என் பேத்தி வள்ளிநாயகிக்கு, உன் அம்மாயி ராக்கம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் நடமாட்டமாக இருக்கிறேன். கெமாஸில் நீயும், ரயிலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிறதும் சுகந்தானே? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சீவரத்தினத்திடம் சொல்லி எழுதியிருக்கலாம். உன் அம்மா செத்த அன்றைக்கு எனக்கு அரைநாள் லீவு கிடையாது என்று சொன்ன வாய் அது. அவர் கையால் உனக்கு ஒரு வரியும் வேண்டாம்.

சிரம்பானிலிருந்து இந்த மாநிலத்தை ஆள்கிற துரை ஏழு வருசம் முடிந்து சீமைக்குப் போகிறார். முந்தாநாள் நம் தோட்டத்துக்கு வந்தார். அவர் செய்ததை எல்லாம் கிராணி மேடையில் வாசித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது நிசம். சம்பள நாளில் கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் நிசம். ஆம்பளைகள் இன்னும் அவரைத் திட்டுகிறார்கள். முதல் வருசத்து உத்தரவை மட்டும் கிராணி வாசிக்கவில்லை. காய்ச்சல் போகும் என்று ஓடைக்கரைக் காட்டை வெட்டச் சொன்னார்கள். நிழல் போய் ஓடையில் வெயில் விழுந்ததும் கொசு முன்னைவிடப் பெருகியது. அந்த மழைக்காலத்தில் நம் லயத்து வீட்டு வரிசையில் பதினோரு பேர் போனார்கள். உன் அம்மா ஆறாவது.

லயத்தில் மூத்தவள் என்று என்னைத் துரைக்கு மாலை போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் முகம் சிவந்தது. சிவக்கட்டும்.

காட்டை வெட்டிய ஆட்களை அன்று மண்டோராக நின்று வேலை வாங்கியவன் முருகையா. அதிலிருந்து நான் அவனிடம் பேசுவதில்லை. மூன்று வருசமாக, அதே துரை பிறகு போட்ட உத்தரவுப்படி, அவன் எண்ணெய்த் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு கொசு சாக ஓடையிலும் கால்வாயிலும் எண்ணெய் அடிக்கிறான். என் வீட்டுப் பின்பக்கம் வந்தால் விளக்குமாற்றை எடுப்பேன். அந்தப் பத்தடிக்கு மட்டும் எண்ணெய் பட்டதில்லை.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வரப் பயமாக இருக்கிறது, அம்மா போன லயமாயிற்றே என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடுதாசியை நாலு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். போன வாரம் முருகையா வந்து எட்டத்திலேயே நின்றான். "ஆத்தா, மத்த கால்வாயில ஒரு கொசுப்புழு இல்ல. ஒங்க பின்னாலதான் துள்ளுது. வந்து பாருங்க" என்றான். போய்க் குனிந்து பார்த்தேன். துள்ளியது.

ஆறு வருசத்துக்கு அப்புறம் அவனிடம் ஒரு வார்த்தை பேசினேன். "ஊத்து" என்றேன்.

இந்த வருசம் நம் லயத்தில் காய்ச்சல் கண்டது இரண்டே பேர். இரண்டும் என் பக்கத்து வீடு. பிழைத்துக்கொண்டார்கள். துரைக்காக இதைச் சொல்லவில்லை, உனக்காகச் சொல்கிறேன்.

பங்குனி பிறந்ததும் மாப்பிள்ளையோடு ரயிலேறி வந்துவிடு. ரெம்பா ஸ்டேஷனில் மாட்டுவண்டியோடு நிற்பேன். வீட்டில் எண்ணெய் வாடை அடிக்கும், முதல் இரண்டு நாள் குமட்டும். பொறுத்துக்கொள், தாயி. நல்லபடியாகப் பெற்று, நீ உன் பிள்ளைக்குக் கல்யாணம் பார்க்கிற வரை இரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மாயி ராக்கம்மா