தலைகீழாய்ப் பிடித்த குடை

என் விசாலத்துக்கு,

நீ மட்டும் பார்த்த ஒன்று, நீ போன பிறகு இன்னொருவர் கைக்கு எப்படி வரும்? எனக்குத் தெரியவில்லை. விடை தெரியாத கணக்கைக் கரும்பலகையில் எழுதக் கூடாது என்று இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிடிவாதமாக இருந்து வருகிறவள் நான். இந்தக் கடிதத்தை அப்படிப்பட்ட கணக்கில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் உன் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நீலாவுக்குப் பத்தொன்பது நடக்கிறது. உன் உயரம் வரவில்லை, உன் அவசரம் அப்படியே வந்திருக்கிறது. உன் ஆத்துக்காரர் ரங்கூனுக்கு மாற்றலாகிப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அவள் என்னோடு, இதே பவானிப்பூர் வீட்டில், இதே மாடியில் இருக்கிறாள். என்னைப் போலக் கணக்குப் படித்துப் பட்டம் வாங்குவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் புடவைக் கரை வரைந்து வைத்தாள்.

இங்கே ஒரு சித்திரப் பள்ளியில் இந்த வருஷம் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். படம் வரையவும், துணிக்கும் பாத்திரத்துக்கும் வடிவம் அமைக்கவும் சொல்லித் தருவார்கள். விண்ணப்பத்தோடு மூன்று படங்கள் கேட்கிறார்கள். ஒன்று துணிக்கான கரை. ஒன்று சுண்ணாம்புப் பொம்மையைப் பார்த்து வரைந்தது. மூன்றாவது, மனித உருவம் ஒன்று. அதன் பின்பக்கத்தில் காப்பாளர் கையெழுத்திட வேண்டும்: ‘எதையும் எதிரில் வைத்துப் பார்க்காமல், நினைவிலிருந்து வரைந்தது.’

நாளைக் காலை பதினொரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அடுத்த வருஷம் இல்லை. பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் தையில் ரங்கூனுக்கு அனுப்பிவிடு, வரன் பார்த்தாயிற்று என்று அவள் அப்பா எழுதிவிட்டார்.

மூன்று மாதமாக அவள் பின்னறையில் உட்கார்ந்து வரைகிறாள். வடக்கு வெளிச்சம் அங்கேதான் வருகிறதாம். பழைய பெட்டிகளையெல்லாம் அவளே வெளியே இழுத்துப் போட்டாள். அது நீ கடைசியாகப் படுத்திருந்த அறை என்பது அவளுக்குத் தெரியாது. நீ கூடத்தில், என் மடியில், நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாய் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு மட்டும் சொன்னதல்ல. நம் ஊர்ப் பெண்கள் மாதப் பத்திரிகையில் அப்போது உனக்காக நான் எழுதிய நாலு வரியிலும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் அச்சுக்கே அனுப்புகிறேன்.

காபியை எடுத்துக்கொண்டு போவேன், அறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவேன். “உள்ளதான் வாயேன் பெரிம்மா, வர்ணம் உன்னைக் கடிச்சுடாது” என்று சிரிப்பாள். கால் வலி என்பேன்.

இன்று பள்ளி விட்டு வந்தபோது மழை இருட்டு. மூன்றாவது படத்தைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கீழ்வீட்டு மாஷிமா, இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, எனக்கு முன்பே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு எங்கள் பேச்சு வங்காளம்தான், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“திதிமணி, வந்து பாருங்க” என்றாள் அவள். வாத்தியாரம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “பொண்ணு நல்லா வரையறா. ஆனா இந்தப் பொம்பளை குடையை எப்படிப் புடிச்சிருக்கா பாருங்க! முனை கையில, வளைஞ்ச பிடி தரையில. உங்க மதராஸ்ல அப்படித்தான் புடிப்பாங்களா?”

நான் பார்த்தேன், விசாலம்.

ஒரு வாசல். வாசலில் ஒரு பெண். மூக்கையும் வாயையும் மூடிக் கைக்குட்டை கட்டியிருக்கிறாள், முகத்தில் கண் மட்டும் தெரிகிறது. குடையைத் தலைகீழாகப் பிடித்துக் குனிந்திருக்கிறாள். அவள் கால் விரல்கள் படிக்கு வெளியிலேயே நிற்கின்றன. வளைந்த பிடிக்கு முன்னால், தரையில், ஒரு பித்தளைக் கூஜா.

குடை ஏன் தலைகீழாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். தெரு முழுக்கக் கட்டிக் காய்ச்சல், பிளேக். சமையற்காரி ஓடிவிட்டாள். உன் ஆத்துக்காரர் வேலையாகக் கட்டக் ஊரில். மாஷிமா பிறந்த வீட்டில். நீ “அக்கா, தண்ணி” என்றாய். கர்ப்பூரம் முடிந்த கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். கூஜாவைப் படியருகே வைத்துக் குடை முனையால் தள்ளினேன், பித்தளை வழுக்கிற்று. குடையைத் திருப்பி, வளைந்த பிடியால் கூஜாவின் கழுத்தை அணைத்துத் தள்ளினேன். என் கையும் குடையும் எட்டிய மட்டும் போயிற்று. உன் பாய்க்கு இன்னும் நாலு சாண் இருந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டாய். பக்கத்தில் கிடந்த குழந்தையை எடுக்கக்கூட நான் உள்ளே வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“இது யாரு?” என்று நீலாவைக் கேட்டேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

“தெரியலை. மனசுல விழுந்துது.”

“ஞாபகம் வந்ததுன்னு சொல்லு. தமிழ்ல மனசுல எதுவும் விழாது.”

வங்காளத்தில் ஞாபகம் வருவதை அப்படித்தான் சொல்வார்கள், மனசில் விழுகிறது என்று. இங்கே வளர்ந்த நம் குழந்தைகள் எல்லாருக்கும் வருகிற தப்பு. ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறேன், உடனே மாற்றிச் சொல்லிவிடுவாள். இன்று மாற்றவில்லை.

“வரலை பெரிம்மா. வந்தா எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமோல்லியோ? இது விழுந்துது. அந்த ரூம்ல தலையைச் சாய்ச்சுண்டு படுத்துண்டிருந்தேன், பொத்துனு விழுந்துது.”

அதையே நீலா வங்காளத்தில் சொன்னதும் மாஷிமாவுக்குக் கண் பெரிதாகிவிட்டது. “அடி அம்மா! என் நாத்தனார்கிட்ட பிளாஞ்செட் இருக்கு, திதிமணி. சின்ன பலகைதான், மூணு பேர் கை வெச்சாப் போதும், ஆவி தானா எழுதிக் காட்டும். வாங்கிட்டு வரட்டுமா?”

“எனக்கு எழுதக் கை இருக்கு. ஆவிக்குக் குமாஸ்தா வேலை கொடுக்க வேண்டாம்” என்றேன். நீலா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

விளக்கம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவள் நான். வரிசையாகத் தேடினேன். பத்து மாதக் குழந்தையாக அவள் பார்த்தது எங்கோ உள்ளே தங்கியிருக்கலாம். அப்படி இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது, முடியாது என்றும் தெரியாது. அல்லது நானே உளறியிருக்கலாம்.

“தூக்கத்துல நான் எப்பவாவது பேசுவேனா?”

“பேச மாட்டே. குறட்டைதான். அதுவும் கணக்கா, நாலுக்கு ஒண்ணு பெரிசா.”

பிறகு மர அளவுகோலை எடுத்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை. படத்தில் தரைக் கல்லின் கோடுகளும் வாசல் நிலையின் கோடுகளும் எங்கே போய்ச் சேர்கின்றனவோ, அந்த உயரத்தில்தான் பார்க்கிறவரின் கண் இருந்திருக்க வேண்டும். நீலாவுக்கு இந்தக் கணக்கில் எப்போதும் தகராறு, ஆனால் இந்தப் படத்தில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே வந்து சேர்ந்தன. தலையணையில் தலை வைத்துப் படுத்திருக்கிறவரின் கண்.

குழந்தையும் பாயில்தானே கிடந்தது? அதுவே போதும் என்று அளவுகோலைக் கீழே வைக்கப்போனேன். அப்போதுதான் படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்டு, சிறிதாக, ஏதோ ஒன்று.

“இது என்ன நீலா?”

“அதுவா? தெரியலை. கிட்டக்க ஏதோ இருந்துது, பஞ்சு பொம்மை மாதிரி. பாதிதான் தெரிஞ்சுது, அப்படியே போட்டுட்டேன். அழிச்சுடட்டுமா?”

அது ஒரு குழந்தையின் கால். தண்டை போட்ட கால். தன் காலைத்தான் வரைந்திருக்கிறாள், அது அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை படத்துக்குள் இருக்கிறது, விசாலம். அப்படியானால் பார்க்கிற கண் குழந்தையுடையதல்ல.

அழிக்காதே என்று மட்டும் சொன்னேன்.

மாஷிமாவோடு கீழே இறங்கிப் போனேன். அன்று பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கியவள் அவள்தான். நீலாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன்.

அவள் அதற்குள் மீன் அரிய உட்கார்ந்திருந்தாள். கையை நிறுத்தவில்லை. “நான் என்ன சொல்ல? கூஜா நடுத்தரையில நின்னுச்சு. வாய் வரைக்கும் தண்ணி. பார்த்தேன். குழந்தைகிட்டப் போய் அதைச் சொல்வேனா?”

“குடை?”

“குடையா? எந்தக் குடை?” என்று நிமிர்ந்தாள். பிறகு என்னையே பார்த்தாள். மேலே இருக்கிற படத்தை நினைத்திருக்க வேண்டும். “போங்க, திதிமணி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நீ குடித்ததாக நான் சொன்ன தண்ணீர் குடிக்கப்படவில்லை என்று தெரிந்தவள், பதினெட்டு வருஷமாக என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேலே வந்து நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். மாஷிமா மீன் அரிவதை நீலா வரைந்த படம் ஒன்று உண்டு, மிக நல்ல படம். அதை மூன்றாவதாக வைத்துவிடலாமே, உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

“அது மாஷிமாவை எதிர்க்க உக்கார்த்தி வெச்சுப் போட்டது பெரிம்மா. நினைவுலேர்ந்துன்னு நீ கையெழுத்துப் போட்டா அது பொய். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே?”

“இது மட்டும் நினைவா? யாருன்னே தெரியலைங்கறே.”

“அதனாலதான் உன்னைக் கேக்கறேன். உனக்குத் தெரிஞ்சவாளா?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பால் இல்லை.

இப்போது சாயங்காலம் ஐந்தரை. படம் என் மேஜைமேல் குப்புறக் கிடக்கிறது. ‘நினைவிலிருந்து.’ கையெழுத்துப் போட்டால், நீ பார்த்ததை உன் பெண் வரைந்தாள் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அதை என் படிப்பு ஏற்கவில்லை. போடாவிட்டால் நீலா ரங்கூனுக்குப் போவாள், என் பொய் என்னோடு பத்திரமாக இருக்கும். இரண்டாவதுதான் எனக்குச் சுலபம். அதை நீதான் நன்றாக அறிவாய்.

பின்னறைக் கதவு திறந்திருக்கிறது. நீ கேட்கிறாயா, கேட்கவில்லையா? நீலாவின் கையில் இதைப் போட்டது நீயா? கோபமாகவா போட்டாய்? பத்திரிகையில் எழுதியதை நீ படித்திருந்தால் சிரித்திருப்பாய், அக்காவுக்கு இவ்வளவு கற்பனையா என்று.

மறுநாள் நடந்தது இது.

காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘இது நடந்தது. நான் இருந்தேன்.’ நீலா படித்துவிட்டு என்னை ஏறிட்டாள். டிராமில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டை, கூஜா, குடை, தண்டைக் கால். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மா தண்ணி குடிச்சாளா?”

“இல்லை.”

என் கையிலிருந்த குடையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பள்ளியில் ஓர் ஆசிரியர் படங்களைப் புரட்டினார். மூன்றாவதில் நின்றார். பின்பக்கத்தைப் படித்தார், முன்பக்கத்தைத் திரும்பப் பார்த்தார். “கண் தரையில இருக்கு. யார் பார்க்கறாங்க?” என்று கேட்டார். நீலா என்னைப் பார்த்தாள். “என் தங்கை” என்றேன். இறந்த காலமா நிகழ்காலமா என்று வங்காளத்திலும் அந்த வாக்கியம் காட்டாது. அவர் தலையசைத்தார், திங்கட்கிழமை தேர்வுக்கு வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார். இடம் கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நீலா நேரே சமையலறைக்குப் போனாள். நான் பின்னறை வாசலில் நின்றேன். அன்று எட்டாத நாலு சாணையும் சேர்த்து நடந்தேன். உன் பாய் இருந்த இடத்தில் உட்கார்ந்து, பிறகு படுத்து, தலையைச் சாய்த்து வாசலைப் பார்த்தேன். தரைக் கற்களின் கோடுகள் படத்தில் இருந்தபடியே போயின.

வாசலில் நீலா வந்து நின்றாள். கையில் கூஜா. வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. நின்றது ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் எவ்வளவு நீளம் என்று நேற்று வரை எனக்குத் தெரியாது.

அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“எழுந்து உக்காரு பெரிம்மா. தண்ணி குடி” என்றாள்.

விசாலம், நீ எங்கே கண்ணை மூடினாய் என்று இனி யார் கேட்டாலும் என் மடியில் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
வாசலில் நின்ற உன் அக்கா