மாமாவின் மனுவும் பதினெட்டுக் கன்றுகளும்

மார்ச் 4, செவ்வாய்

பாப்பா இன்று மூன்று முறை தும்மினாள். புதிதாக வந்த கன்றுகளில் ஒன்றும் தும்மியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் இவர். எதற்குத்தான் சம்பந்தம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்? மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்து கன்றுக்கா குழந்தைக்கா என்று கேட்டார். யார் முதலில் தும்மியது என்பதுதான் என் கவலை என்றேன். வைத்துவிட்டார்.

கன்றுகள் பதினெட்டு. எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை. மாமா மாட்டிறைச்சி உற்பத்தியாளர் சங்கத் தலைவர். ‘எல்லைக் கேட்டை இழுத்து மூடு’ என்று எங்கள் வாசலிலேயே பலகை தொங்குகிறது. கன்றுகளை ஏற்றிவந்த லாரி அந்தப் பலகையை உரசிக்கொண்டுதான் உள்ளே வந்தது. மாமா அப்போது சங்கக் கூட்டத்தில் இருந்தார்.

மார்ச் 6, வியாழன்

வரிசையாக எழுதினால் பயம் குறைகிறதா பார்ப்போம்.

இரண்டு வருடமாக அந்தப் பக்கத்துக் கொழுத்த மாடுகள் லாரி லாரியாக வந்து இறங்குகின்றன. அங்கே மேய்ச்சல் அதிகம், தீவனச் செலவு குறைவு. இறைச்சிக்கூடங்கள் அதையே வாங்குகின்றன. இங்கே கன்று வளர்த்தவர்கள் கட்டுப்படியாகாமல் பசுக்களை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கன்று வாங்கிக் கொழுக்கவைத்து விற்கிறவர்கள். வாங்கக் கன்றே இல்லை. ஏப்ரல் கடைசியில் இறைச்சிக்கூடத்து மேலாளர் வந்து பார்ப்பார். கொட்டிலில் நாற்பது உருப்படி நின்றால் அடுத்த வருட ஒப்பந்தம் எங்களுக்கு. இல்லாவிட்டால் கொட்டிலைக் கழுவிவிட்டு, நானும் இவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலை தேட வேண்டியதுதான். உள்ளூரில் அலைந்து கிடைத்தவை ஆறு. அதனால்தான் இந்தப் பதினெட்டு. இன்னும் பதினாறு வேண்டும்.

“அப்பா எதிர்க்கிறது கொழுத்த மாட்டை. இது வெறும் எலும்பும் தோலும்” என்றார் இவர். அப்பாவிடம் இதையே சொல்லிப்பாருங்களேன் என்றேன். தீவனம் கலக்கப் போய்விட்டார்.

பயம் குறையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாமா கொட்டிலுக்கு வந்துவிட்டார். இங்கே பிறந்த மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை, வெளியிலிருந்து வந்ததற்கு நீலம். கன்றுகளின் முப்பத்தாறு காதுகளையும் மறைக்க என்னிடம் எத்தனை கை இருக்கிறது? நல்லவேளை, மாமா கண்ணாடி போடுவதில்லை. அது வயதானவர்களுக்காம்.

நீல வில்லை போட்ட ஒரு கன்றின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “பாத்தியாம்மா, இதான் நம்ம மண்ணுல பொறந்தது. கண்ணுலயே தெரியுது பாரு. அந்தப் பக்கத்து மாடு இப்படி நேரா பாக்காது. திருட்டு முழி முழிக்கும்.”

கன்று அவரை நேராகத்தான் பார்த்தது. திருட்டு முழி முழித்தது நான்.

மார்ச் 13, வியாழன்

இந்த வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. பொருளாதாரத்தில் முதுகலை. அதனால் எந்தக் காகிதமானாலும் என் தலையில்தான்.

காலையில் மாமா வந்தார். கால்நடைத் துறையில் விசாரணை வைக்கிறார்கள், மனு எழுத வேண்டும். ஒரு உருப்படிகூட உள்ளே வரக் கூடாது என்று எழுதினேன். பாதிக்கப்பட்ட நாற்பத்து மூன்று உறுப்பினர்களின் பெயர், வயதுப் பட்டியல் இணைப்பு. மத்தியானம் இவர் வந்தார். அதே துறைக்கு விண்ணப்பம், இன்னும் பதினாறு கன்றுகள் கொண்டுவர அனுமதி வேண்டும். கொட்டிலில் ஏற்கெனவே உள்ள பதினெட்டின் பட்டியல் இணைப்பு. இரண்டையுமே உருக்கமாக எழுதினேன். எது பொய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும் உண்மைதான்.

பாப்பா இடுப்பில் இருந்துகொண்டு குண்டூசி டப்பாவையே குறிவைத்தாள். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன. திரும்ப எண்ணினேன். அப்புறம்தான் நிம்மதியாக இரண்டு உறையையும் ஒட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

பல் முளைக்கிறது. பாப்பாவுக்கு. பல்லுக்கும் தும்மலுக்கும் சம்பந்தம் உண்டா?

மார்ச் 20, வியாழன்

கால்நடைத் துறை குமாஸ்தா போன் செய்தார். குரலில் சிரிப்பே இல்லை.

“கொட்டில்ல இருக்கிற உருப்படி விவரம் கேட்டிருந்தோம். நாப்பத்து மூணு பேரோட பேரும் வயசும் அனுப்பியிருக்கீங்க. மூத்த உருப்படிக்கு எழுபத்தெட்டு வயசு போட்டிருக்கு. தடுப்பூசி போட்ட தேதி இல்லையே?”

மாற்றி வைத்துவிட்டேன் சார், இன்றைக்கே சரியான பட்டியலைக் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சங்கத்துப் பட்டியல் இவருடைய விண்ணப்பத்தோடு போயிருக்கிறது என்றால் அந்தப் பதினெட்டின் பட்டியல் —

ஐயோ. ஐயோ. நான் ஊசியை எண்ணினேனே, காகிதத்தைப் பார்த்தேனா?

திரும்ப அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். மனு மேலே அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டதாம். விசாரணை செவ்வாய்க்கிழமை.

மார்ச் 21, வெள்ளி

இவரிடம் சொன்னேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. மாமாவுக்கு என்மேல்தான் பாசமாம், நான்தான் சொல்ல வேண்டுமாம். பெற்ற பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்றேன். கடைசியில் இரண்டு பேருமாகப் போனோம். மாமா பீரோக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். “நம்ம வீட்டுக்குள்ளயே வந்துட்டாங்கய்யா!” என்று பீரோவைப் பார்த்துக் கையை நீட்டினார். இரண்டு பேரும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்தோம்.

அடுப்படியில் அத்தை. முதல் நாளே தெரியுமாம். “அவருக்குக் கண்ணாடி வேணாம்னா, எனக்கும் கண்ணு வேணாம்னா சொன்னேன்? நீலம் கூடவா எனக்குத் தெரியாது?” அத்தையின் யோசனை: சபையிலேயே தெரியட்டும், நாலு பேர் முன்னால் அவர் கத்த மாட்டார்.

நாலு பேர் போன பிறகு?

மார்ச் 25, செவ்வாய்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நீளமான அறை, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத மின்விசிறி. சங்கத்துக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். இவர் ஜன்னல் பக்கம் நின்றார், குதித்துவிடலாம் என்கிற மாதிரி. நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில். மாமா பேசினார். அப்படிப் பேசினார். கடைசியில் கைதட்டல்.

அதிகாரி ஒரு அம்மா. மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினார்.

“உங்க ஆதாரத்தைப் பாத்தேன். பதினெட்டுக் கன்னு. அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது. உங்க மகன் பேர்ல. இதை எதுக்கு மனுவோட வெச்சிருக்கீங்கன்னுதான் புரியல.”

மாமா எழுந்து போய் அந்தத் தாளை வாங்கினார். பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். படித்தார். இவரைப் பார்த்தார். அப்புறம் என்னை. நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள், அந்த ஒற்றைப் பல்லைக் காட்டிக்கொண்டு.

“புரியணும்னுதாம்மா வெச்சேன்” என்றார் மாமா.

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“சங்கத் தலைவன் நான். என் வீட்டுலயே இதான் நிலைமை. கொழுத்த மாடா கொண்டாந்து கொட்டுனதுல இங்க கன்னு வளக்கிறவன் ஒருத்தன் மிச்சமில்ல. கொட்டில நிரப்ப என் புள்ள அங்க போயி நிக்கிறான். எங்கிட்ட சொல்லக்கூட முடியல அவனுக்கு. கேட்டை மொத்தமா மூடுனா நாளைக்கு அவனும் மூடிடணும். கொழுத்தத நிறுத்துங்க. கன்னு வரட்டும். இங்க தீனி போட்டு நாங்க வளத்துக்கிறோம். இங்க மறுபடி கன்னு பொறக்கிற வரைக்கும்.”

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். மனுவில் இப்படி ஒரு வரியும் கிடையாது. எழுதினவளுக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது வேனில் மாமா முன் இருக்கையில், நாங்கள் பின்னால். பாப்பா தும்மினாள். நான் ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

மூன்றாவது நாள். மாமா எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. எல்லாம் பாப்பா மூலமாக. “பாப்பா, தண்ணி கொண்டாரச் சொல்லு.” “பாப்பா, உங்கப்பன் அந்த நாலாவது கன்னுக்குக் குடல்புழு மருந்து குடுக்கல போலிருக்கு, வயிறு பானையாட்டம் இருக்கு.”

அப்படியென்றால் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். மருந்து கொடுக்காததும் உண்மைதான்.

ஏப்ரல் 3, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. கொழுத்த மாடுகளுக்கு ஆறு மாதம் தடை. ஒரு வயதுக்கு உட்பட்ட கன்றுகள் மட்டும் வரலாம். இவருடைய விண்ணப்பமும் பாஸ்.

சங்கத்தில் பெரிய சண்டையாம். காட்டிக்கொடுத்துவிட்டார் தலைவர் என்று மாமாவைச் சபையில் நிற்கவைத்துப் பேசினார்களாம். மாமா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. என்னாலதானே எல்லாம்?

சாயங்காலத்துக்குள், உரக்கப் பேசியவர்களில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாசல் வழியாக வந்து இவரைக் கூப்பிட்டார்கள். கன்று எங்கே பிடித்தது, யாரைப் பார்க்க வேண்டும், தங்களுக்கும் சொல்லக் கூடாதா. ஐந்தாவது ஆளுக்கு மாமாவே போய்க் கதவைத் திறந்தார். “வாசல் வழியாவே வாய்யா, பலகை ஒண்ணும் கடிக்காது” என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

இரண்டாவது லாரி. இவருக்குக் கன்று பார்க்கத் தெரியாது, குளம்பைப் பார்க்காமல் கொம்பைப் பார்ப்பவர் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு மாமாவே கேட்டுக்குப் போனார். நாள் முழுக்கப் போன் இல்லை. நெஞ்சு வலியோ, லாரி கவிழ்ந்ததோ, யாராவது அடித்துவிட்டார்களோ — மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு லாரியோடு வந்தார். பதினாறும் நல்ல கன்றுகள். மூன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினாராம். நாற்பது ஆகிவிட்டது. இவர் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருக்கிறார், என் வியாதி ஒட்டிக்கொண்ட மாதிரி.

மாமா கைகால் கழுவிவிட்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினார்.

“கேட்டுல ஒருத்தரைப் பாத்தேம்மா. என் வயசுதான் இருக்கும். அந்தப் பக்கத்துச் சங்கத் தலைவராம். ரெண்டு பேரும் டீ குடிச்சோம். நல்ல மனுஷன்.”

அவர்களுக்கும் சங்கமா, எதற்கு என்று கேட்டேன்.

“கன்னு வெளிய போகக் கூடாதுன்னு. எல்லாம் இங்க வந்துட்டா அவங்க எதைக் கொழுக்க வெக்கிறது? கேட்டை மூடச் சொல்லி மனு குடுக்க வந்திருந்தாரு.” கொட்டில் பக்கம் கையைக் காட்டினார். “நமக்குக் கன்னு விக்கிற பையன் யாருன்னு நினைக்கிற? அவரு மகன்தான். லாரிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு என்னைப் பாத்துக் கும்பிடுறான்.”

அந்தத் தலைவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்றார் மாமா.