மாமனார் எழுதிய வசனம்

ஹாலிஃபாக்ஸ்,
8 மார்ச் 1909

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹெஸ்டர் எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? உங்கள் புது நாடகத்துக்கு லண்டனே திரண்டு வருகிறதாமே. பழைய நாடகங்களின் வசனங்களை இங்கே டிராமில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். தோழி வீட்டுக்குப் போகக்கூட கில்பர்ட் விடுவதில்லை. ஏனென்று கேட்டால், விருந்தாளிகள் முன்னால் உங்கள் வசனத்தை எடுத்துவிடுகிறார்: "பொண்டாட்டி பேசாம இருந்தா ஏதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். பேசினா, உடைஞ்சது நம்ம மண்டைன்னு அர்த்தம். நான் சொல்லலை, மாமனாரே சொல்லியிருக்காரு!"

நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா அப்பா?

உங்கள் ஹெஸ்டர்

லண்டன்,
10 மார்ச்

செல்ல மகளுக்கு,

கல்யாணமான முதல் வருஷத்தில் அலுப்பு வராவிட்டால்தான் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். ஒரே குடைக்குள் இரண்டு பேர் நடந்தால் ஒரு தோள் நனையத்தான் செய்யும், கண்ணு. அதற்காகக் குடையை விட்டு ஓடினால் இரண்டு தோளும் அல்லவா நனையும்? உன் அம்மா உயிரோடு இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். நானும் திருடி நாடகத்தில் வைத்திருப்பேன்.

இருமல் தேவலை. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அப்பா

ஹாலிஃபாக்ஸ்,
15 மார்ச்

அப்பா,

உங்கள் கடிதத்தை அவரே பிரித்தார். சாப்பாட்டு மேசையில், விருந்துக்கு வந்திருந்த பாதிரியாருக்கு நடித்துக் காட்டினார். "குடை! கேட்டியா ஹெஸ்டர்? உனக்குன்னே எழுதியிருக்காரு!" பாதிரியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் குடைக்குள்ளேயே இல்லை அப்பா.

இதைச் சமையல்காரி மிஸஸ் சக்டன் இடுப்பில் கட்டிய ஏப்ரனுக்குள் ஒளித்துக் கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். "உங்கப்பாவுக்குச் சாதாரணமா பேசவே வராதாம்மா?" என்கிறாள். என்ன சொல்வது?

ஹெஸ்டர்

லண்டன்,
17 மார்ச்

ஹெஸ்டர்,

இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். கிழித்தவை எல்லாம் நன்றாக இருந்தன.

சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன், உன்னை அழைத்துப்போக. எடுக்க முடிந்ததை எடுத்து வை. மற்றதை விட்டுவிடு. கில்பர்ட் இதைப் பிரித்தால் படிக்கட்டும். இங்கே உன் அறையைத் திறந்து கணப்பு மூட்டச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கே பயமாக இருக்கிறது. உனக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்பா

ஹாலிஃபாக்ஸ்,
18 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்றும் விருந்து. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கில்பர்ட் எழுந்து நின்று கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "மாமனாரோட புதுச் சரக்கு!" கிழித்தவை நன்றாக இருந்தன என்ற இடத்தில் பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கில்பர்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமென்று.

"இதுல தமாஷ் எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கயும் இல்லைங்க," என்றேன். "அதனாலதான் போறேன்."

பெட்டி கட்டியாயிற்று. நீங்கள் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் அப்பா. ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்கிறேன்.

ஹெஸ்டர்