இடது பக்கம் இழுக்காத வண்டி

மஸ்கீகன், மிச்சிகன்
டிசம்பர் 14

அன்புள்ள கிரெக்,

நீயும் டெனீஸும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம். சுகமில்லை என்று நீ சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருப்பதால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன், நான் சுகம். ஏரிப் பக்கமிருந்து பனி அடித்துத் தள்ளுகிறது, வாசல் பனியை நானேதான் வாரிக் கொட்டினேன், முட்டி கழன்று விழவில்லை. உன் சித்தப்பா ஜெரி நேற்று வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போனார். வேவு பார்க்க நீதான் அனுப்பியிருப்பாய். அடுத்த தடவை உள்ளே வரச் சொல், பட்டாணி சூப் இருக்கிறது, வேவு பார்க்கிறவருக்கும் பசிக்குமே.

விஷயத்துக்கு வருகிறேன். நன்றி நாள் விருந்தில் வாய் நிறைய வான்கோழியை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய் என்பதை மறந்திருக்க மாட்டாய், மறதி எனக்குத்தானே. "அம்மா, அந்தக் காலேஜ் பரீட்சையில நீ பாஸ் பண்ணிட்டா அப்பாவோட கார் பட்டறையை விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். ஃபெயிலானா மறுபேச்சு பேசாம கையெழுத்துப் போட்டுட்டு எங்களோட ஃபீனிக்ஸ் வந்துடணும்" என்றாய். ஏதோ எனக்குச் சலுகை காட்டுகிறவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு. உடனே டெனீஸ், அங்கே முதியோர் குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறது, என் வயதுப் பெண்களெல்லாம் தண்ணீரில் நின்று கையைக் காலை ஆட்டுகிறார்கள் என்றாள். தண்ணீரில் நின்று கையைக் காலை ஆட்ட எனக்கு ஆசை வந்தால் இங்கேயே இவ்வளவு பெரிய ஏரி கிடக்கிறது. உங்கள் ஊரில் பனியே இல்லை, வண்டிக்குத் துருவே பிடிக்காதாம், அதையும் ஒரு பெருமையாகச் சொன்னாய். துருப் பிடிக்காத ஊரில் எனக்கு என்னடா வேலை?

உன் அப்பா போன பிறகு நம் மெக்கானிக் டுவேன் இருந்தான், அவனும் அதிகச் சம்பளம் என்று கிராண்ட் ராப்பிட்ஸ் ஓடிவிட்டான். உரிமம் வைத்திருக்கிற ஆள் இல்லாமல் பட்டறையைத் திறக்க முடியாது, பூட்டினேன். அந்த ஆளாக நானே ஆகிறேன் என்று காலேஜில் மெக்கானிக் படிப்புக்குச் சேர்ந்ததும் நீ சிரித்தாய். ஊரும் சிரித்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பட்டறையின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தவள் நான். எடுத்ததும் "விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்பார்கள். நான் உன் அப்பா ரானைக் கூப்பிடுவேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு "இந்த வண்டிக்குப் போன தடவை என்ன பண்ணினோம்?" என்று என்னைத்தான் கேட்பார். நான் சொல்வேன், அவர் அதை அப்படியே போனில் ஒப்பிப்பார். உடனே அந்தப் பக்கத்திலிருந்து, ரான் மாதிரி ஒரு ஆள் உண்டா! உன் அப்பா தங்கமான மனுஷன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை, போன் பண்ணினவர்கள்மேல் இன்னும் இருக்கிறது.

காலேஜைப் பற்றி நீ கேட்கவே இல்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வகுப்பில் எல்லாம் மீசை முளைக்காத பையன்கள். கணினிக் கருவியை வண்டியில் சொருகுவார்கள், அது எந்தப் பழுது எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் வேதவாக்கு. வண்டி அவர்கள் கண் முன்னாலேயே புகை கக்கினாலும் கருவி சொன்னால்தான் நம்புவார்கள். அதில் பிரெண்ட் என்று ஒருவன், மாமா பட்டறையில் இரண்டு கோடை விடுமுறை வேலை செய்துவிட்டானாம், அந்த மிதப்பில் முதல் நாளே "மார்லீன்ம்மா, எங்களுக்கு கேக் கீக் செஞ்சு எடுத்துட்டு வருவீங்கல்ல?" என்றான். செய்து எடுத்துப்போய் அவனைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தேன். வாத்தியார் வான்டர்லான் மட்டும் பரவாயில்லை, சிரிக்கத் தெரியாத மனுஷன், ஆனால் கை சுத்தமாக வேலை செய்கிறது.

அவர் பரீட்சை வைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பழுதை ஒளித்து வைப்பார். எங்காவது ஒரு ஒயரைத் தளர்த்துவார், காற்றுக் குழாயில் துணியைத் திணிப்பார். வண்டிக்காரன் எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு புகார்ச் சீட்டைக் கண்ணாடியில் செருகிவிடுவார். பழுது எது, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று நாம் கண்டுபிடித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வந்தது ஒரு பழைய நீல வண்டி. சீட்டில், பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது என்று இருந்தது. அதே வண்டி காலையில் பிரெண்டுக்கும் வந்ததாம், வலது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனான். இன்னொருவன் பிரேக் குழாய் என்று எழுதினான்.

நான் வண்டியை வெளியே எடுத்து ஓட்டினேன். நேராக நின்றது. வேகமாகப் போய்ப் பிடித்தேன், நேராக நின்றது. சக்கரங்களைக் கழற்றினேன், பிரேக் கட்டை, குழாய், டயர் காற்று, அடிப்பக்கத்துத் துரு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போது பயந்தேன் கிரெக், உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம். உன் குரல் காதில் கேட்டது, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, கண் முன்னால் இருக்கிற பழுது தெரியவில்லை என்று. பக்கத்து வண்டிப் பையன் பாவப்பட்டு "பிரேக்குன்னு எழுதிடுங்க, எல்லாரும் அதான் எழுதியிருக்காங்க" என்று கிசுகிசுத்தான். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் நம் கெர்ட் டிக்ஸ்ட்ரா அம்மாள் ஞாபகம் வந்தது. வருஷம் தவறாமல் வந்து, வண்டியின் பின்னால் ஏதோ உடைந்து உருள்கிறது, உயிருக்கே ஆபத்து என்று மேசையில் தட்டுவாளே, இருக்கைக்கு அடியில் அவளே குடித்துப்போட்ட சோடா டப்பா உருளும். புகார் எழுதிவிட்டால் பழுது இருந்தே ஆக வேண்டும் என்று என்ன சட்டம்? எழுதினேன், "ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போகிறது. இந்த வண்டியில் ஒரு பழுதும் இல்லை."

வான்டர்லான் அதைப் படித்தார், முகம் மரக்கட்டை. "நல்லா யோசிச்சுட்டீங்களா? ஏதாவது ஒரு பாகத்தை எழுதினா பாதி மார்க்காவது தேறும்" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நல்லா இருக்கிற பாகத்தை மாத்தச் சொல்லி எங்க பட்டறையில யாரும் எழுதினதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன், ஃபெயில் போடுறதுன்னா போட்டுக்குங்க" என்றேன். அந்த மனுஷன் சிரித்தார், கிரெக். சிரிக்கத் தெரிகிறது. அந்த வண்டியை அவர் தொடவே இல்லையாம், ஒவ்வொரு பரீட்சையிலும் ஒரு வண்டியை அப்படி விட்டு வைப்பாராம். பழுது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், பசங்கள் எங்கிருந்தாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள், இந்தத் தடவை இல்லை என்று எழுதினது நீங்கள் ஒருவர்தான் என்றார். பாஸ். பிரெண்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, மறுநாள் அவனுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நன்றி நாளுக்கு வந்தவன் என்ன செய்தாய்? நீ என் மாத்திரைகளை எண்ணினாய். உன் பெண்டாட்டி ஃபிரிட்ஜைத் திறந்து பால் புட்டியின் தேதியைப் பார்த்தாள். சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினேன் என்று என்னை ஞாபகமறதி டாக்டரிடம் இழுத்துப் போனாய். அவர் பார்த்துவிட்டு, உங்கம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்றார். நீ என்ன சொன்னாய்? "வேற டாக்டர்கிட்ட காட்டலாம்." பிரெண்டாவது பரவாயில்லை, அவன் ஒரு பாகத்தைத்தான் மாற்றச் சொன்னான்.

உனக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பா பட்டறைத் தரையில் விழுந்தபோது நீ அவ்வளவு தூரத்தில் இருந்தாய், போனைக்கூட எடுக்கவில்லை, அது உன்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீ எடுத்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார், கண்ணா, நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். உன் பயம் உன்னுடையது, அதற்காக என்னைக் கழற்றாதே.

உரிமம் கைக்கு வந்ததும் பட்டறையைச் சனவரியில் திறக்கிறேன். நீ விட்டுப்போன விற்பனைக் காகிதத்தை ஜெரியின் வண்டிக்கு அடியில் விரித்தேன், எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது, இன்னும் இருந்தால் அனுப்பு. உன் வண்டிக்கு டயர் மாற்றும் நாள் வந்துவிட்டது, மறந்துவிடாதே, கடையில் வேறு எதையாவது சேர்த்து மாற்றச் சொன்னால் தலையாட்டாமல் எனக்கு போன் போடு. டெனீஸுக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம், உன்னை ஆண்டவர் காக்கட்டும். பட்டறை எண்ணுக்கே கூப்பிடு, முன் மாதிரியே நான்தான் எடுப்பேன், ஆனால் இனி யாரையும் கூப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மார்லீன் ஹூக்ஸ்ட்ரா,
ஹூக்ஸ்ட்ரா பட்டறையில் விஷயம் தெரிந்தவள்