நீ என்னிடம் காட்டிய பச்சைக் கத்தி

என் உயிரான அந்தோணி அண்ணனுக்கு,

உன் கத்தி இன்றைக்குத் திறந்துவிட்டது அண்ணே. நான் குப்பை என்று சொன்னேனே, பச்சை பிளாஸ்டிக் பிடி போட்ட அதே மடக்குக் கத்தி. காலையில் திறந்தது. மணி நாலாகப் போகிறது, இன்னும் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

போன கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம், நினைவிருக்கிறதா? ஆறு மாதமாக நமக்குள் பேச்சு வார்த்தை இல்லை. நீயாக வந்து இந்தக் கத்தியை என் கையில் வைத்தாய். "தம்பி, நீ பாத்துச் சொல்லு. இது எப்படி?" என்று கேட்டாய். மருந்தடிக்கிற மோட்டாரிலிருந்து மிக்ஸி வரை உடும்பஞ்சோலையில் எது கெட்டாலும் என் பட்டறைக்குத்தான் வரும். என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் சும்மா விடுவேனா? அதுவும் உன் மேல் கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

பிரித்து மேய்ந்துவிட்டேன். பிடி வாழைக்காய் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அலகைத் தள்ளித் திறக்கிற குமிழ் தப்பான பக்கத்தில் இருந்தது, கட்டைவிரலுக்கு எட்டவே இல்லை. மடக்குவதற்கு அழுத்த வேண்டிய தகடும் மாறிக் கிடந்தது.

"இதச் செஞ்சவனுக்கு வலது எது இடது எதுன்னே தெரியல. தூக்கிக் கெடாசு!" என்று உன்னிடமே திணித்தேன்.

நீ சிரித்தாய். "சரிடே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாய். உன் வலது கை ஜெர்க்கின் பைக்குள்ளேயே இருந்தது. பெரிய துரை மாதிரி போகிறான் பார் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன். பங்கு விருந்துக்கும் நீ உட்காரவில்லை. அல்சர் என்றாய். நானும் நம்பினேன்.

நம் சண்டை எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் என் வீட்டு வாசலில் நின்று, "நாளையிலேர்ந்து ஜீப்புல ஸ்கூல் ட்ரிப் ஓட்ட மாட்டேன், ஜெனிய பஸ்ல அனுப்பு" என்றாய். காரணம் கேட்டேன், வாயே திறக்கவில்லை. அந்த வாரமே ஜீப்பை விற்றுவிட்டு ஏலக்காய் ஸ்டோரில் சாக்குப் பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டாய். "என் பிள்ளைய ஏத்துறதுக்கு ஒனக்குக் கை வலிக்குதோ?" என்று நான் கத்தியதைக் கேட்டுக்கொண்டே போனாய். எப்படியண்ணே கேட்டுக்கொண்டு போனாய்?

அன்றைக்கு ஜெனி என்னிடம், "பெரியப்பாவுக்கு எம் மேல கோவமாப்பா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொன்னேன். அவளும் அதையே நம்பி, உன் அடக்கத்தன்றுகூட ஒதுங்கி ஒரு மூலையில் நின்றாள்.

இன்று உன் நாற்பதாம் நாள் பூசை. ஜெனிக்குப் பரீட்சை, பள்ளிக்கூடம் போய்விட்டாள். பூசை முடிந்து மதினியோடு உன் வீட்டுக்கு வந்தால், உன் பெயர் வெட்டின கல்லறைக் கல்லைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கயிற்றை அறுக்க மதினி இந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போல வலது கையில் வைத்து மல்லுக்கட்டினேன். "சனியன்" என்றுகூடச் சொன்னேன்.

"அப்படி இல்ல தம்பி. இடது கையில பிடிங்க" என்றார் மதினி.

பிடித்தேன். கட்டைவிரல் தானாகவே குமிழில் போய் உட்கார்ந்தது. டக்கென்று திறந்தது. வளைந்த பிடி உள்ளங்கையில் அச்சாகப் பொருந்தியது. தகட்டை அதே விரலால் அழுத்தினால் மடங்குகிறது. இன்னொரு கை வேண்டவே வேண்டாம்.

"மதினி, அண்ணன் இடது கைக்காரன் இல்லையே?"

மதினி கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலது கை செத்துப்போயி ஒரு வருசம் ஆகப்போவுது தம்பி. கழுத்து நரம்புன்னு தேனி ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரு நா சாயங்காலம் வளைவுல கியர் போட இடது கைய எடுத்திருக்காரு. ஸ்டேரிங்கப் பிடிச்சிருந்த வலது கை நழுவிருச்சு. வண்டி பள்ளத்து ஓரத்துல போயி நின்னுச்சாம். மத்த பிள்ளைகள எல்லாம் அதுக்கு முன்னாடியே எறக்கிட்டாரு. பின்னாடி ஒங்க ஜெனி மட்டும் தூங்கிக்கிட்டு இருந்திருக்கா. அத எந்த மொகத்தோட தம்பிகிட்ட சொல்லுவேன்னு அழுவாரு."

நான் கத்தியை இடது கையில் மடக்கித் திறந்து பார்த்தேன். மதினி விடவில்லை.

"தேனி பஸ் ஸ்டாண்டுல சாக்கு விரிச்சு வித்த கத்தி அத்தனையும் இடது கையில எடுத்து எடுத்துப் பாத்தாரு. இது ஒண்ணுதான் தெறந்துச்சு. 'தம்பிகிட்ட காட்டுறேன், பாத்ததுமே அவனுக்கு வெளங்கிரும், நான் வாய் தெறந்து சொல்ல வேண்டாம்'னாரு."

எனக்கு விளங்கவில்லையே அண்ணே! ஆணி, தகடு, குமிழ் எல்லாம் பார்த்தவன் உன் கையைப் பார்க்கவில்லையே. பெட்டிக்குள் நீ கிடந்தபோது உன் வலது கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதேன். சூம்பிப்போயிருந்தது. சாவு அப்படித்தான் ஆக்கிவிடும்போல என்று நினைத்தேன். இத்தனை வருடம் கூடவே இருந்த ஒருவனுக்கு இவ்வளவு கண் அவிந்து போகுமா? நெஞ்சுவலி வந்து நீ பொசுக்கென்று போகாமல் இருந்திருந்தால், இன்னும் எத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்?

நீ கேட்டதற்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். இரும்பு மட்டம்தான், வாரம் ஒரு தடவை தீட்ட வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் வெளிறிவிடும். ஆனால் ஆணி ஆடவில்லை, பூட்டு அசையவில்லை. செய்தவனுக்கு வலதும் இடதும் நன்றாகவே தெரிந்திருக்கிறது. நல்ல கத்தி அண்ணே. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய்.

பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கத்தி என் பையில் இருக்கிறது. உன் கை நழுவிய அந்த வளைவில் இப்போது ஹாரன் கேட்கிறது, ஜெனி வருகிற பஸ்தான். அவள் இறங்கியதும், வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே, கத்தியை அவள் இடது கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வேன். பெரியப்பாவுக்கு உன் மேல் கோபமே இல்லை, அப்பா சொன்னதுதான் பொய் என்று சொல்வேன். இது உன் மேல் சத்தியம் அண்ணே.

நீ கையில் வைத்துக் காட்டியும் பார்க்கத் தெரியாத
உன் கூடப்பிறந்த தம்பி,
சேவியர்