ஏழுமலை மடிக்காத சேலைகள்

ஆவணி, புதன்
காலையிலேயே வெக்கை. கடையில் முகூர்த்தக் கூட்டம். செஞ்சி வட்டாரத்தில் பட்டு விற்க என்னை மிஞ்ச ஆளில்லை. சும்மா பார்க்க வந்தவளும் நான் விரித்தால் இரண்டு எடுத்துப் போவாள்.

ஒன்று உறுத்துகிறது. பக்கத்து கவுண்டரில் நிற்கும் ஏழுமலை தன் சேலைகளை மட்டும் மடித்துவிட்டுக் கிளம்பினான். என் குவியல் அப்படியே. இத்தனை வருஷம் எல்லார் குவியலையும் அவன்தான் மடிப்பான். யார் லீவு போட்டாலும் அவன்தான் நிற்பான்.

"இன்னாடா, கை வலியா?"

"கை நல்லாத்தான் இருக்குதுண்ணா."

வியாழன்
இன்றும் அதே. போன மாதம் அவன் அம்மா ஆஸ்பத்திரியில். ஒரே ஒரு நாள் வரவில்லை. மறுநாள் முதலாளி அவனைக் கடை நடுவில் நிறுத்திக் கத்தினார். மாசாமாசம் மட்டம் போடும் குமாரைக் கேட்க நாதியில்லை. மட்டமே போடாதவன் ஒரு நாள் போட்டால்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அன்று அவன் கவுண்டரில் எங்களில் ஒருவனும் நிற்கவில்லை. எனக்கு முட்டி வீக்கம், பூசணிக்காய் அளவு.

எத்தனை பேரைப் பார்த்தாச்சு. போகப்போகிறவன் முதலில் அடுத்தவன் சேலையை விடுவான், அப்புறம் கடையை.

ஞாயிறு, தங்கை குழந்தை காதுகுத்துக்கு வாங்க வேண்டியது: பூ, பழம், பட்டுப் பாவாடை, தோடு (அரைப் பவுன் என்று சொல்லியாச்சு. கால்தான்).

வெள்ளி
தூறல். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை என் கவுண்டரப் பாத்துக்கடா. சிங்கவரத்துல தங்கச்சி கொழந்தைக்கு காது குத்து. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்?"

"குமாரக் கேளுண்ணா. உங்க எல்லாருக்கும் நான் நின்னேன். எனக்கு யாரு நின்னீங்க?"

டீயைக் குடிக்காமலே போனான். குமாரைக் கேட்டால் சிரிக்கிறான். "ஞாயித்துக்கெழமை நானே லீவுண்ணா."

தங்கை கஸ்தூரிக்குப் போன். மேளத்தோடு வருவேன் என்றேன்.

சனி
ஏழுமலை வரவில்லை. திண்டிவனத்தில் வேறு கடையாம். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

முதலாளி: "நாளைக்கு ரெண்டு கவுண்டரும் நீதான்யா. வரலன்னா அப்புறம் வரவே வேணாம்."

ஞாயிறு
இரண்டு கவுண்டர். தண்ணீர் குடிக்க நேரமில்லை. கஸ்தூரி போன்.

"எங்கண்ணா இருக்கிற?"

"பஸ்ஸுல. வந்துட்டே இருக்கேன்."

"நல்ல நேரம் போவுதுன்னு அவரு அண்ணன் மடியில உக்கார வச்சிட்டாங்க. ஒரு காது ஆச்சு. இன்னொண்ணுக்குள்ளயாவது வந்துடுவியா?"

பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. எதிரே நின்ற அம்மா, "அந்தப் பச்சையப் பிரிங்க" என்றாள். பிரித்தேன்.