தொங்கும் சக்கரத்தில் முறுக்கிய போல்ட்

அந்தோணியின் சின்னக் காருக்கு நீ வேறு காரின் பின் ஆக்ஸிலைப் பூட்டியது, ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ தலைக்கு மேலே ஓட ஆரம்பித்து, நம் சந்துக்காரர்கள் வேலை இல்லாமலே ஏறி இறங்கி வேடிக்கை பார்த்த வருஷம். இன்று காலை அதே மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் உன் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. கூட நின்றவன் படித்துச் சொன்னான்: 'கார்களின் டாக்டர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.' வாய் கசந்து துப்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்த ரப்பர் புஷ்ஷை எடுத்து மோந்து பார்த்தேன். இன்னும் நாறுகிறது.

விவேக் நகர் அந்தோணி வைட்ஃபீல்ட் ஆபீஸ்களுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தவன். பள்ளத்தில் விழுந்து ஆக்ஸில் வளைந்துபோனது. அந்த மாடலுக்கான சாமான் வர நாளாகும் என்றார்கள். நீ பழைய இரும்பு பாஷாவைக் கூப்பிட்டாய். அவன் அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து கழற்றியதை, ஸ்பிரிங்கோடு கொண்டுவந்து போட்டான். ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்தது. "சலேகா பாய்" என்றான் பாஷா. ஓடுமாம். ஆக்ஸிலை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் புஷ்ஷில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நீ போல்ட்டை முறுக்கினாய்.

நான் உன் ஷெட்டில் கூலிக்காரன்தான். ஆனாலும் சொன்னேன்.

"ஓட்ட சேந்தா போதுமாடா? வண்டிய எறக்கு. பின்னாடி ரெண்டு ஆள குந்த வெச்சி, அப்புறமா முறுக்கு. இல்லன்னா கனம் ஏறும்போது ரப்பர் முறுக்கிக்கினே கெடந்து கிழியும்."

"நீ போய் குந்து. அவனுக்கு சாயங்காலம் டிரிப் இருக்குது."

அந்தோணி உன்னைப் பார்த்துச் சிரித்தான். அண்ணன் கை வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மாதம் திரும்பவில்லை. ஒரு வியாழக்கிழமை, குழந்தை ஏசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வைட்ஃபீல்டுக்குப் போனவனின் வண்டி, பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போய் டிவைடரில் மோதியது. வலது கால் போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் உன்னைக் கேட்டார். நீ கன்னடத்தில் சொன்னாய்: "குடிதித்த சார்." ஒரு சொட்டு தொடாதவனை, குடித்திருந்தான் என்றாய். இல்லை சார், ஆக்ஸில்தான் என்று நான் குறுக்கே பேசினேன். கடை முதலாளி நீ. உன் பேச்சுதான் எடுபட்டது. அப்புறம் கீழே இறங்கிப் போய் பிரியாணி வாங்கித் தின்றாய். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினாய்.

உடைந்த வண்டியிலிருந்து கிழிந்த புஷ்ஷைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். "எந்த வண்டிதோ என்னவோ" என்று கழிவு ஆயில் டிரம்மில் வீசினாய். கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன்தான், திரும்ப உன் ஷெட்டை மிதிக்கவில்லை. குடித்து ஓட்டினான் என்று ஆபீஸ்காரர்கள் அந்தோணியை நிறுத்தினார்கள். அவன் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள், குடிகாரன் வீடு என்று திரும்பிப் போனார்கள். இது உன் காதுக்கும் வந்தது. பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் படுத்தாய்.

நாளைக்கு நினைவுக் கூட்டத்தில் உன்னைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி உன் மகன் வந்து கேட்டான். நல்ல பையன், அவன் மேல் கோபமில்லை. பேசுகிறேன் என்றேன். மேஜையில் உன் மாலைக்குப் பக்கத்தில் இந்த புஷ்ஷை வைப்பேன். நான் சொல்லச் சொல்ல இந்த மடலை எழுதுகிறவன், எழுந்து நின்று தெருவே கேட்கப் படிப்பான். காலையில் ஃபிளெக்ஸைப் படித்துச் சொன்னவனும் அவன்தான். நிற்க அவனுக்குக் கக்கத்தில் ஒரு கட்டை வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ஷெட்டில் நின்றது நாலு பேர். பாஷா போய்விட்டான். நீயும் போய்விட்டாய். என்னை விட்டால் உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான். அந்தோணி.